வில்க்ஸ் என்னும் ராவி

திப்பு சுல்தானைக் கொடுங்கோலன் எனத் தூற்றுவோர் சான்று கேட்டால் பெரிதும் நீட்டுவது கர்னல் மார்க் வில்க்ஸ் எழுதிய தென்னிந்தியச் சரித்திரத்தையே. அதன் முதற்பாகம் 1810இலும் ஏனைய இரண்டும் 1817இலும் வெளிவந்தன. "பாரசீக ஏடுகளைப் பார்த்து எழுதியவர், அவருக்கு மறுப்பேது?" என்கின்றனர்.

ஒரு செய்தி காதில் விழுந்ததும், அதை அறிவிக்கும் ராவி யார், அவர் நிலை என்ன என்றல்லவா மதரஸாவில் ஓதியவர் முதலில் வினவுவார்? வில்க்ஸை மட்டும் வினவாமல் விடுவானேன்?

மான் தீவில் 1759இல் பிறந்தவர். 1782இல் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். திப்புவுக்கு எதிரான போரில் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் அருகிருந்து பணியாற்றியவர். 1799 மே 4இல் சுல்தான் ஷஹீதான பின், அதே மைசூரில் 1803 முதல் 1808 வரை கும்பினியின் ரெசிடெண்டாக வீற்றிருந்தவர். 1813இல் செயிண்ட் ஹெலினா தீவின் கவர்னரானார். 1815இல் நெப்போலியன் கைதியாய் வந்திறங்கியபோது அத்தீவை ஆண்டவர் இவரே. யாருடைய உப்பைத் தின்றாரோ அவர்களுடைய வெற்றியையே சரித்திரமாக்கினார். தோற்றவன் கொடியவன் ஆகாவிடில் வென்றவனின் படையெடுப்புக்கு நியாயம் ஏது?

ஆயினும், ராவி சார்புடையவர் என்பதற்காக அவர் கூற்று முழுவதையும் வீசியெறிவது அறிஞர் வழக்கமன்று. குடகிலும் மலபாரிலும் சுல்தானின் படை கடுமையாக நடந்ததற்கு வேறு சான்றுகளும் உண்டு. அதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1791இல் மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு ஆறுதலும் பொருளும் அனுப்பி அதே சுல்தான் எழுதிய கன்னடக் கடிதங்கள் 1916இல் வெளிப்பட்டனவே! வில்க்ஸ் தீட்டிய உருவத்துக்குள் அந்தத் திப்பு எங்ஙனம் அடங்குவார்? முஹிப்புல் ஹஸன் 1951இல் ஆவணங்களைக் கொண்டே மறுப்பு எழுதினார். நம்மவரோ புகழ்ப்பாட்டும் ஆவேசப் பேச்சுமே பதிலென்று இருக்கிறோம்.

வில்க்ஸ் உழைப்பாளி. நஸீருத்தீன் தூஸியின் 'அக்லாகே நாஸிரி'யை ஆராய்ந்து எழுதுமளவு பாரசீகம் கற்றவர். (நம் ஆலிம்களில் எத்தனை பேர் அந்நூலைத் தொட்டிருப்போம்?) சுல்தானின் நூலகத்து ஏடுகள் ஏறத்தாழ 2,000, அவற்றுக்கு 1809இல் அட்டவணை அச்சிட்டவரும் சார்லஸ் ஸ்டூவர்ட் என்னும் கும்பினி அதிகாரியே. அவற்றுள் பல இன்று லண்டனில் இருக்கின்றன. நம் மதரஸாக்கள் பலவற்றில் பாரசீகப் பாடம் அருகிப்போயிற்று. மறுப்பெழுதப் பேனா எடுக்கும் நம் இளைஞர், அந்த ஏடுகளை யாரைக் கொண்டு வாசிப்பார்?