அத்தையின் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. முதல் கேள்வி: "மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது?" வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள். "பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது" என்று பிழையில்லாமல் விடை சொல்வார்கள். இரண்டாவது கேள்வி: "காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதுவரை எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்?" தூக்கிய கைகள் இறங்கிவிடும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்கள் வகுப்பில் பலர் இருப்பார்கள்.

பானையைப் பற்றி இவ்வளவு அறிந்தவர்கள் தம் உடம்பைப் பற்றி ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? பானையும் உடம்பும் குளிர்வது ஒரே விதிப்படிதான். இந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் என் அத்தை.

அத்தை என் தந்தையின் தங்கை. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தவர். பதினைந்து வயதில் நடவுக்கு இறங்கியவர், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நாற்றுப் பறித்தும் நட்டும் களையெடுத்தும் உழைத்தார். குறுவை நடவுக் காலத்தில் வெயில் எப்படிக் காயும் என்று நம் தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குனிந்த முதுகின் மேல் வெயில், காலடியில் வெதுவெதுப்பான சேற்று நீர். அத்தை தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போவார். குடிக்கத் தண்ணீர் கொண்டு போகமாட்டார். சிறுவனாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். "குடிச்சா ஒதுங்கணும் தம்பி. நாலு பக்கமும் வெட்டவெளி, எங்கே ஒதுங்குறது?" என்றார். அவருடன் நட்ட மற்றப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அவர் கால்கள் வீங்கின, முகம் ஊதியது. இரத்தத்தைச் சோதித்தபோது இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி செயலிழந்துவிட்டன என்று தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். சிறுநீர் பிரிவது குறைந்துவிட்டதால், குடிக்கும் நீருக்கும் மருத்துவர் அளவு வைத்துவிட்டார். அத்தை ஒரு சின்னத் தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு, குடிக்கும் ஒவ்வொரு முறையும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வாய்க்கால் நெறையத் தண்ணி ஓடுனப்ப நான் குடிக்கல. இப்ப ஆசையா இருக்கு, கணக்குப் பார்த்துக் குடிக்கிறேன்."

அத்தையின் நோய்க்குத் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. சான்றில்லாமல் முடிவு கட்டக் கூடாது என்று உங்களுக்குக் கற்பிப்பவன் அல்லவா நான்? நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே சிறுநீரகம் பழுதாவதற்குப் பெருங்காரணங்கள். ஆனால் அவ்விரண்டும் அத்தைக்கு இல்லை. இப்படிப்பட்ட நோயாளிகள் உலகில் பலர் இருக்கிறார்கள். 1990-களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் பயிரிடும் உழவர்களிடையே மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். ஆந்திரத்தின் சிறீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், நடு அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் கண்டார்கள். "காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்" என்று இதற்குப் பெயர். தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வொன்று 2025-இல் வெளியாயிற்று. அதில் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது; அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. பூச்சிமருந்தா, குடிநீரில் கலந்துள்ள பொருள்களா, வெப்பமா, இவை எல்லாம் சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். கடும் வெப்பத்தில் உழைப்பதும் உடலில் நீர் வற்றுவதும் அவர்கள் முக்கியமாகச் சந்தேகிக்கும் காரணங்களுள் அடங்கும்.

ஏன் அந்தச் சந்தேகம்? இங்கேதான் பானைக்குத் திரும்பி வருகிறோம்.

நூறு டிகிரியில் கொதிக்கும் நீர் ஆவியாகக் கிராமுக்கு 540 கலோரி வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நம் ஊர்க் கோடை வெப்பநிலையில் ஆவியாக அதைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். நாம் வேலை செய்யும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவது அரிது, எஞ்சியது வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். மிகச் சிறந்த குளிர்விக்கும் பொறி! ஆனால் பானையில் நீர் வற்றினால் குளிர்ச்சியும் போய்விடுவதைப் போல, உடம்பில் நீர் குறைந்தால் இந்தப் பொறியும் தடுமாறும்.

காற்றில் ஈரம் மிகுந்தால் இன்னொரு தொல்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டிய வியர்வையால் உடம்புக்கு நீர் இழப்புத்தான், குளிர்ச்சி இல்லை. நீர் தேங்கிய வயலில் நிற்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி சிறுநீரகத்தைப் பார்ப்போம். இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. அவற்றுக்கு நெஃப்ரான்கள் என்று பெயர். ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது இரத்தத்துக்கே திரும்புகிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தமும் குறையும். ஒருநாள் குறைந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குறைந்தால்? அழிந்த நெஃப்ரானுக்கு மாற்றாகப் புதிய நெஃப்ரான் முளைப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பகுதி பழுதாகும் வரை வலியே இருக்காது. எளிய இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் முன்கூட்டிச் சொல்லும். உங்கள் வீட்டில் வயல் வேலை செய்யும் பெரியவர்கள் இருந்தால், ஆண்டுக்கொரு முறை அவர்களை அழைத்துப் போய் இச்சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

அத்தை மறைந்த பிறகு வந்த முதல் நினைவு நாளில், என்ன செய்வது என்று வீட்டில் பேசினோம். எங்கள் ஊருக்கு அருகில் இருப்பது திங்களூர். அங்கே வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஒருவரை நினைக்க நீர் வழங்குவது நம் மண்ணின் பழைய வழக்கம். ஆனால் பந்தல் சாலையோரத்தில் இருக்கும். நடவுப் பெண் வயலின் நடுவில் அல்லவா நிற்கிறாள்? ஆகவே அவள் கையோடு போகும் பந்தல் ஒன்றைச் செய்வோம் என்று முடிவு செய்தோம்.

என் தாத்தா வயலுக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டு போனவர். முற்றிக் காய்ந்த சுரைக்காயின் உட்பகுதியை நீக்கிக் கழுவினால் குடுக்கை கிடைத்துவிடும். தஞ்சாவூர் வீணையின் தண்டுக்குக் கீழே தொங்கும் குடம் இருக்கிறதே, அதுவும் மரபாகச் சுரைக்காயில் செய்யப்பட்டதுதான். பார்க்க அழகுதான், ஆனால் குறுகிய கழுத்துக்குள் கையை விட்டுத் தேய்த்துக் கழுவ முடியாது. எனவே நாங்கள் வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டிலையே எடுத்துக்கொண்டோம். எங்கள் கைவேலை அதன் சட்டையில்தான்.

பழைய வேட்டியை மூன்று மடிப்பாக மடித்து, பாட்டிலின் சுற்றளவுக்கு ஒரு விரல்கடை கூடுதலாக வெட்டிப் பை போலத் தைக்க வேண்டும். அடியில் வட்டத் துண்டு. தோளில் மாட்ட ஒரு நாடா. துணியை நனைத்துக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் போதும், பாட்டில் மண்பானையாகிவிடும். இராணுவ வீரர்களின் பழைய தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் கம்பளி உறை போட்டதும், இராஜஸ்தானத்தில் கித்தான் பையில் நீர் நிரப்பி வண்டிக்கு வெளியே தொங்கவிட்டதும் இதே தத்துவம்தான்.

ஒரு சிறு கணக்கு. துணியிலிருந்து 10 கிராம் நீர் ஆவியானால் 5,800 கலோரி வெப்பம் வெளியேறும். அத்தனையும் பாட்டிலில் உள்ள ஒரு லிட்டர் நீரிலிருந்தே வந்தால் அதன் வெப்பநிலை 5.8 டிகிரி இறங்கும். வெளிக் காற்றிலிருந்தும் வெப்பம் உள்ளே வந்துகொண்டிருப்பதால் உண்மையில் குறைவாகவே இறங்கும். எவ்வளவு குறைவு? இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றுக்கு ஈரச் சட்டையும் மற்றொன்றுக்கு எதுவுமின்றியும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் போடுங்கள். ஆடிக் காற்றில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு கோடுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று நீங்களே விளக்கிவிடுவீர்கள். ஓர் எச்சரிக்கை: இரட்டைச் சுவர் கொண்ட ஃபிளாஸ்க்குக்குச் சட்டை போட்டால் பயனில்லை. ஏன் என்பதையும் யோசியுங்கள். ஈரச் சட்டையைப் புத்தகங்களோடு பைக்குள் வைக்காதீர்கள். இரவில் துவைத்து உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

"கடையில் இருபது ரூபாய்க்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கிறதே, இந்தத் தையல் வேலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தண்ணீர்ப் பாக்கெட்டுகளுக்குத் தடை உண்டு. ஆனால் ஒருமுறை குடித்து எறியும் பாட்டில்கள் இன்றும் நம் வாய்க்கால் மதகுகளை அடைத்துக் கிடக்கின்றன. அது ஒரு பக்கம். என் காரணம் வேறு. விலைக்கு வாங்கிய பாட்டில் தண்ணீர் தீர்ந்ததும் குப்பை. கையால் தைத்ததை யாரும் எறிவதில்லை, அது வீட்டில் கிடந்தால் "ஏன் எடுத்துப் போகவில்லை?" என்று தைத்தவர் கேட்பார். வெயிலில் உழைப்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் அளவு குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீராகாரமும் உப்பிட்ட மோரும் வியர்வையில் போன உப்பையும் ஈடுசெய்யும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். சிறுநீரக நோயோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

ஆனால் பாட்டில் மட்டும் போதுமா? போதாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அத்தை தண்ணீர் குடிக்காமல் இருந்தது பாத்திரம் இல்லாததால் அன்று. ஒதுங்க இடம் இல்லாததால். பள்ளியில் நம் மாணவிகள் பலர் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதே காரணத்தால்தான். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடு. ஆயினும் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் மாணவி குடிக்கமாட்டாள். நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நிழலும் நீரும் ஓய்வும் முறையாகக் கொடுத்த பிறகு தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வயல்களில் வரப்போரம் ஒரு கீற்றுப் பந்தலும், நான்கு தட்டிகள் வைத்து மறைத்த ஓர் ஒதுக்கிடமும் அமைக்க நிலக்காரருக்கு என்ன பெரிய செலவு?

ஆகவே, மாணவ நண்பர்களே, மார்ச் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அதற்குள் நீங்கள் இரண்டு சட்டைகள் தையுங்கள். ஒன்று உங்கள் பாட்டிலுக்கு; இன்னொன்று வெயிலில் உழைக்கும் உங்கள் உறவினர் ஒருவருக்கு. பிறகு தலைமையாசிரியரிடம் போய், கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்.

நாங்கள் ஆண்டுதோறும் அத்தையின் நினைவு நாளில் தைக்கும் சட்டைகளின் உள்பக்கத்தில் அவர் பெயரை நூலால் எழுதுகிறோம். வெளியே தெரியாது. சென்ற குறுவையில் எங்கள் ஊர் வரப்பில், பூவரச மரக் கிளையில் அப்படிப்பட்ட ஏழு பாட்டில்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்குப் போய்த் தூக்கிப் பார்த்தேன். நான்கு காலியாக இருந்தன. மூன்று இன்னும் நிறையவே இருந்தன. வயலைச் சுற்றிலும் இன்னும் வெட்டவெளிதான்.