மறைகுறிப்புக் கலையும் தமிழ்ச்சொல் வரம்பும்

குறுக்கெழுத்து என்றவுடனே வீண்பொழுது எனத் தள்ளுவோர் தமிழ்ப் பற்றாளருள்ளும் உளர். ஆங்கிலன் ஆட்டம் தமிழனுக்கு எதற்கு என்பது அவர்தம் வினா. அவ்வாட்டத்தை ஆங்கிலன் எத்துணைக் கடுமையான சொல்லாய்வாக வளர்த்துள்ளான் என்பதை அவர் அறியார்.

இலண்டன் 'அப்சர்வர்' ஞாயிற்றிதழில் 1926 முதல் 'தார்க்குமாடா' என்னும் புனைபெயரில் மறைகுறிப்புக் கட்டங்களை அமைத்தவர் எட்வர்டு போவிசு மேத்தர்சு. 1939-இல் அவர் மறைந்தபின் 'சிமெனீசு' என்னும் பெயரில் மெக்னட்டு என்னும் பள்ளியாசிரியரும், 1972 முதல் 'ஏசெட்டு' என்னும் பெயரில் சோனாதன் குரௌதரும் அப்பணியை ஏற்றனர். முதலிரு பெயர்களும் இசுபெயின் நாட்டுச் சமய ஒறுப்பு மன்றத் தலைவர்களுடையன. மூன்றாவது, அவ்வழிவந்த 'தேசா' என்பான் பெயரை ஆங்கில எழுத்தில் பின்முன்னாகத் திருப்பியது. விடுவிப்போரை வாட்டுவதில் அத்துணை இன்பம் போலும்!

பின்னிருவர் நடத்திய போட்டி, கட்டத்தை நிரப்புவதோடு முடிவதன்று. சொல்லொன்று தரப்பெறும், அதற்குப் போட்டியாளரே குறிப்பொன்று இயற்றி விடுத்தல் வேண்டும். நடுவர் அவற்றைத் தரம் பிரித்து, வென்றவற்றையும் தம் திறனுரையையும் அச்சிட்டு வழங்குவர். மெக்னட்டு 1966-இல் நூலாக வெளியிட்ட நெறி மிக எளிது, கைக்கொள்ளுதலே அரிது. குறிப்பில் விடைக்குரிய நேர்பொருள் இருத்தல் வேண்டும். விடையின் எழுத்துகளைப் பெறும் வழி இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் புறம்பாக ஒரு சொல்லும் மிகுதல் கூடாது. படிப்போனை வேறு வழியில் திருப்பலாம், பொய் கூறலாகாது.

'தலையற்ற குதிரை அலை' என்பதைப் பார்க்க. படிப்போன் கண்முன் முண்டமொன்று திரியும். குதிரையின் முதலெழுத்தைக் களைந்தால் எஞ்சுவது திரை, திரையாவது அலை. ஏவல் வினைபோல் நின்ற சொல் பெயராய் முடிகின்றது. இங்ஙனம் எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு சொல் காணுதல் தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் அக்கரச் சுதகம் அதுவே. (பெயர்தான் வடமொழி, எழுத்தழிப்பு என்றால் ஆகாதோ?) பிசியைத் தொல்காப்பியரே செய்யுளியலில் வைத்து இருவகைப்படுத்தினார்.

முன்னோர் செய்தனர் என்று மார்தட்டுவதால் மட்டும் இக்கலை கைவந்துவிடாது. தாமரை என்னும் சொல்லுக்குப் புதியவன் ஒருவன், 'கொடு, மான் சேரக் குளத்தில் மலர்வது' என எழுதுகின்றான் எனக் கொள்க. தா, மரை என அவன் பிரித்தது நன்று. மரை மானின் ஓரினம். இனத்தைப் பொதுப்பெயராற் சுட்டுதல் முறையே. பிழை 'கொடு' என்பதில் உள்ளது. இரக்குங்கால் இழிந்தோன் ஈ எனவும், ஒப்போன் தா எனவும், உயர்ந்தோன் கொடு எனவும் கூறுதல் தொல்காப்பிய மரபு. தாவும் கொடுவும் ஒன்றல்ல. 'ஒப்போன் இரப்பொடு மான் சேரக் குளத்தில் மலர்வது' எனத் திருத்தின் அக்குறிப்பு நேராகும். ஒருபொருட் சொற்கள் எனக் கருதி எழுதப்பெறுவனவற்றுள் எத்தனை இவ்வாறு வரம்பு வேறாவன என்பதை, பத்துக் குறிப்பு எழுதிப் பார்த்தவனே உணர்வான்.

தமிழிலும் மறைகுறிப்புக் கட்டம் அமைப்போர் சிலர் இன்று உளர். ஆயினும் 'மகிழ்ச்சி' எனக் கேட்டுச் 'சந்தோசம்' என நிரப்பச் செய்யும் கட்டங்களே மிகுதி. எழுத்தெண்ணிக்கை ஒத்தாற் போதும் என்பது அமைப்போர் எண்ணம். தமிழ்ச்சொல்லைக் குறிப்பாக்கி அயற்சொல்லை விடையாக்குவதினும் கேடு வேறில்லை.

தூயதமிழ் அன்பர் செய்யும் பிழையும் ஒன்றுண்டு. தாம் நேற்று ஆக்கிய சொல்லை விடையாக வைத்துவிட்டு, விடுவிப்போர்க்குத் தமிழறிவு போதாது என்கின்றனர். அகரமுதலியில் இல்லாத சொல்லை அவன் எங்குத் தேடுவான்? 'அப்சர்வர்' போட்டிக்குச் 'சேம்பர்சு' அகரமுதலி அளவுகோல். தமிழ்ப் போட்டிக்கு, 1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியற் பேரகரமுதலி உள்ளது. அதிலுள்ள சொல்லையே விடையாக வைக்கட்டும். புதுச்சொல்லாயின், அஃது ஆளப்பெற்ற நூலைக் கட்டத்தின் அடியிலேயே காட்டட்டும்.