மலைநாட்டைக் கண்டவர் யார்?

“நுவரெலியாவைக் கண்டுபிடித்தவர் யார்?” என்னும் வினாவும், “வைத்தியர் ஜோன் டேவி, 1819” என்னும் விடையும் பொது அறிவுக் கைந்நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. சிலர் சாமுவேல் பேக்கரின் பெயரைச் சொல்வதும் உண்டு. எப்பெயரை எழுதினாலும் மாணவனுக்கு ஒரு புள்ளி கிடைத்துவிடுகின்றது. ஆயின், விடையிலன்றி வினாவிலேயே பிழை உளது என்பது என் கருத்து. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவனாதலின், ‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல்லைப் பற்றியே முதற்கண் வழக்காட விரும்புகின்றேன்.

தொலைந்துபோன மோதிரத்தைக் கண்டுபிடிக்கலாம். எவரும் அறியாதிருந்த ஒரு கோளையோ ஒரு கிருமியையோ கண்டுபிடிக்கலாம். ஊரும் பேரும் உடைய ஓர் இடத்தைக் கண்டுபிடித்தல் எங்ஙனம் கூடும்? நுவரெலியா என்பது ஆங்கிலப் பெயரன்று. சிங்கள மக்கள் வழங்கிய பெயர். பேக்கரே தமது நூலில், அச்சமவெளியெங்கணும் பண்டைக்கால மக்கள் இரத்தினக் கல் அகழ்ந்த குழிகளைக் கண்டதாக எழுதியுள்ளார். அவருக்கு முன்னரே அங்கே குழி தோண்டினவர் கண்ணின்றியா தோண்டினர்?

இங்ஙனம் சொல்வதனால் டேவியைச் சிறுமைப்படுத்த நினைப்பதாக எவரும் கொள்ளற்க. சுரங்கத் தொழிலாளரின் காப்பு விளக்கை ஆக்கித் தந்த அம்பிரி டேவியின் தம்பி அவர். இராணுவ வைத்தியராக இலங்கைக்கு வந்து, மலையேறி, வெப்பத்தை அளந்து, நீரையும் கல்லையும் சோதித்து, மக்களின் நோய்களையும் வழக்கங்களையும் கேட்டறிந்து, 1821ஆம் ஆண்டில் இலங்கையின் உள்நாட்டைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். கண்டதை உடனுக்குடன் எழுதிவைக்கும் அந்த ஒழுக்கம் நம்மவரிடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் மலையேறிய காலத்தையும் நோக்குதல் வேண்டும். கண்டியரசு பிரித்தானியர் கைப்பட்டது 1815இல். ஊவா, வெல்லச மக்கள் கிளர்ந்தெழுந்து, வயலும் வீடும் எரியுண்டு ஒடுக்கப்பட்டது 1818இல். அதற்கு மறு ஆண்டிலேயே டேவியின் பயணம். படை சென்று மீண்ட வழியிலே வெப்பமானி சென்றது. உலகெங்கும் பெரும்பான்மையான ‘கண்டுபிடிப்புகள்’ இவ்வொழுங்கிலேயே நிகழ்ந்தன.

டேவியின் பின்னர்த் தேசாதிபதி பாண்சு, குளிர்ந்த அவ்விடத்தை நோயுற்ற படைவீரர் உடல் தேறும் இடமாக ஆக்கினார். அவ்வாறு உடல் தேற வந்தவர்களுள் ஒருவரே சாமுவேல் பேக்கர். காய்ச்சலால் நலிந்து வந்தவர் இரண்டு கிழமையில் தேறி, 1848இல் குடும்பத்தோடும் கலப்பையோடும் ஆங்கில நாட்டு மாடுகளோடும் திரும்பி வந்து, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முற்பட்டார். அவரது முதலாண்டு அனுபவம் படிக்கப் படிக்க நகைப்பூட்டுவது. மாடுகள் நோயால் மடிந்தன; உருளைக்கிழங்கைப் புழு தின்றது; ஓற்சுப் பயிரை மரையும் பன்றியும் மேய்ந்தன; குடிமயக்கத்திலிருந்த அவரது குதிரைக்காரன் புது வண்டியைக் குதிரையோடு பள்ளத்தில் வீழ்த்தினான். அந்நிலத்தின் இயல்பைக் கீழ்க்கிராமத்து உழவன் ஒருவனை அழைத்துக் கேட்டிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

கேளாமை என்னும் இக்குணம் பேக்கரோடு ஆபிரிக்காவுக்கும் சென்றது. 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நைல் நதியோடு தொடர்புடைய பேரேரி ஒன்றை அவர் கண்டார். அவ்வேரி இருப்பதை அவருக்குச் சொன்னவரும், வழி காட்டியவரும் அந்நாட்டினரே. அவர்கள் அதனை வழங்கிய பெயர் லூட்டா நிசிகே. பேக்கரோ விக்டோரியா மகாராணியாரின் மறைந்த கணவர் பெயரால் அல்பேட் ஏரி என்று அழைத்தார். எட்டு ஆண்டுகளின் பின்னர் எகிப்திய அரசின் படையோடு மீண்டு, அடிமை வாணிகத்தை ஒழிக்கப்போவதாகக் கூறி, அவ்வேரிக்கு அண்மையிலுள்ள புனியோரோ நாட்டை இணைத்துக்கொள்ள முயன்று, அந்நாட்டாரோடு போரிட்டார். முதலில் வரைபடம், பின்னர் படை. இலங்கையில் படை முன்னே வந்தது என்பதே வேற்றுமை.

மலைவழி செல்வார்க்கு வழிகாட்டும் இலக்கியம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் நன்னன் மலைக்குச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு உறையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எங்ஙனம் ஒதுங்க வேண்டும், எந்தச் சிறுகுடியில் எவ்வுணவு கிடைக்கும் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் விரித்துரைக்கின்றார். அப்பாட்டிலே மலை வெறும் மலையன்று. அடிதோறும் மக்கள் வாழும் நாடு. வழி சொல்பவனும் தான் அவ்வழியைக் ‘கண்டுபிடித்ததாக’ மார்தட்டவில்லை. முன் சென்று பரிசில் பெற்றவன் பின் வருவோனுக்குச் சொல்கின்றான். டேவி, பேக்கர் ஆகியோரின் நூல்களை அதனோடு ஒப்பு நோக்குக. காடும் விலங்கும் வானிலையும் பக்கம் பக்கமாக வர, சுமை தூக்கினவரும் வழி வெட்டினவரும் பெரும்பாலும் பெயரின்றி ‘ஆட்கள்’ என்ற தொகையாக வந்து போகின்றனர்.

அயல்நாட்டுப் பயணியர் அனைவரும் அப்படியல்லர். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு இபன் பதூதா நமது மலைநாட்டின் சிகரமாகிய சிவனொளிபாதத்துக்கு ஏறினார். அவரை அனுப்பிவைத்தவன் தமிழ் வேந்தனாகிய ஆரியச்சக்கரவர்த்தி. பல்லக்கும் அதனைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும், அரசனின் பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமப்போர் பதினைவரும் உடன் சென்றனர் என்று அவர் எண்ணி எழுதியுள்ளார். பெயர் இல்லையாயினும் கணக்காவது உண்டு. ஆண்டுதோறும் ஏறியவரைத் துணைகொண்டு ஏறினேன் என்று சொல்ல அவர் நாணவில்லை. அம்மலையைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எவரும் கூறுவதும் இல்லை.

இனி, நாடு தேடிச் செல்லும் முயற்சியால் விளைந்த பயனை மறைப்பது நேர்மையன்று. தென்னமெரிக்காவின் அந்தீசு மலையிலிருந்து சிங்கோனா விதைகளைத் திரட்டிக்கொண்டு வந்த பயணம் நிகழாதிருந்தால், 1861இல் அக்கலைத் தோட்டம் தோன்றியிராது. மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினாவும் கீழ்த்திசை நாடுகளில் எளிதிற் கிடைத்திராது. 1823இல் அசாம் காட்டில் சிங்போ மக்கள் பயன்படுத்திய செடியை இரொபேட் புறூசு என்பவர் அறிந்துகொண்டதன் தொடர்ச்சியாகவே அசாம் தேயிலை விதை 1839இல் பேராதனைக்கு வந்தது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நோய் கண்டு ஒரு தலைமுறைக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, இத்தீவு ஓட்டாண்டியாகாமல் தப்பியது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஜேம்சு தெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தமையால். 1885இல் நானுஓயாவை அடைந்த றெயில் பாதை தோட்டப் பயிர்களுக்காகவே போடப்பட்டதாயினும், அதிலேறி மேற்படிப்புக்குச் சென்றோர் நம் பழைய மாணவருள் எத்தனை பேர்!

பயன் இது. விலையோ வேறு ஏட்டில் எழுதப்பட்டது. அல்லது எழுதப்படவே இல்லை.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த நம் முன்னோர், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அடர்காட்டினூடாக மாத்தளைவரை நூற்றைம்பது மைல் அளவு நடந்தனர். நீரில்லாத வழி, வாந்திபேதி, காட்டு விலங்கு. வழியில் வீழ்ந்தோர் தொகை எத்துணை என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். வாதிட வேண்டியிருப்பதே நிலைமையை உணர்த்தும்: ஏற்றுமதியான கோப்பிக்கு அந்தர் கணக்கு உண்டு, இறந்த மனிதருக்கு ஒழுங்கான கணக்கு இல்லை. தாம் ஒருபோதும் காணாத நாட்டில், வரைபடம் இன்றி, குழந்தையை இடுப்பிலும் சட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்த அப்பெண்களைக் காட்டிலும் துணிந்த பயணியர் எவர்? நாடாய்வோர் என்னும் பெயருக்கு அவர்களையே முதலில் உரியர் ஆக்குவேன். தெயிலர் 1892இல் இறந்தபோது, அவர் உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை தோட்டத் தொழிலாளர் இருபத்து நால்வர் முறை மாற்றிச் சுமந்து நடந்தனர் என்பர். தேயிலையின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. சுமந்தோர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

காடு வெட்டி நாடாக்கிய அம்மக்களின் வழியினருக்கு, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடில்லை என்றது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்களும் அவர்களைத் தலைக்கணக்கில் பிரித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று உடன்படிக்கை செய்தனர்; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். நாடற்றோராய் எஞ்சினோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஒரு சமவெளியை ஒருமுறை கண்ட வைத்தியர் அதனைக் கண்டுபிடித்தவர் ஆனார். அம்மலைகளில் நான்கு தலைமுறை வாழ்ந்தோர் அந்நாட்டினர் என மெய்ப்பிக்கப் பத்திரம் தேட வேண்டியிருந்தது.

விலங்குக்கும் மரத்துக்கும் நேர்ந்தது சிறிதன்று. மேஜர் உரொஜர்சு என்பவர் தனியொருவராக 1,400 யானைகளைச் சுட்டார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டதைத் தெய்வத் தண்டனையாகக் கூறுவோர் உளர். அத்தகைய தீர்ப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, இடி தொழிலாளியின் மேலும் வீழ்கின்றது. ஓட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. அங்கே மஞ்சட் பூப் பூத்து நிற்கும் முட்செடி ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்டு, இன்று அவ்வனத்துக்கே களையாகிவிட்டது.

அறிவு ஒன்றே, அது யார் செவியில் ஏறுகின்றது என்பதே வேறுபடுகின்றது. இம்மண்ணிற் கோப்பி விளையும் என்று ஆய்வோர் சொன்னபோது, அதனைக் கேட்டுச் சில ஆண்டுகளில் மலைகளை மொட்டையடித்தனர். 1873இல் தாவரவியலறிஞர் யோசேப்பு ஊக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என்று அறிவுரை கூறினார். அதற்கு அரசு ஓரளவு செவிசாய்த்தமையாலேயே மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளின் தலைநீர்க் காடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. ஓட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாக்கப்பட்டதும், 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாடு ஏறியதும் அக்காடு எஞ்சியதன் பயன். ஆகவே ஆய்வாளன் சொல்லைக் கேட்டால் நன்மை உண்டு. ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிலம் சரியும் என்று மண்ணை ஆய்ந்தோர் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தும், லயத்து மக்கள் அங்கேயே விடப்பட்டனர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. இலாபந் தரும் கண்டுபிடிப்புக்குப் பாதை போட்ட விரைவில் நூறிலொரு பங்கு, செலவு வைக்கும் கண்டுபிடிப்புக்குக் காட்டப்பட்டிருந்தால் அக்குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

எனவே, மாணவரை மலையேறாதே, தேடாதே என்று தடுப்பது என் நோக்கமன்று. நமது கல்லூரியிலிருந்து நில அளவையாளரும் மண்ணியலறிஞரும் இன்னும் பலர் தோன்ற வேண்டும். மீரியபெத்தை போன்ற இடத்தை அளந்தவர் அத்தோட்டத்துத் தமிழிலேயே லயத்து வாசலில் நின்று அச்செய்தியைச் சொல்லக்கூடியவராய் இருத்தல் வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு; அதற்குப் பட்டம் வேண்டா. பெருந்தோட்டங்களுக்குத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களை இட்டனர். தொழிலாளர் அவற்றைத் தமக்கென வேறு தமிழ்ப் பெயர்களால் வழங்கினர். அக்காலத்து ஆங்கிலக் கைந்நூல்கள்கூடத் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைத் தனியே குறித்துவைத்தன. மலைச்சரிவுக்கும் ஓடைக்கும் கொழுந்து மலைக்கும் இட்ட சிறு பெயர்களோ எந்த நூலிலும் இல்லை. முதியோர் நாவிலேதான் உள்ளன. 2023ஆம் ஆண்டில், நம் மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியே மீண்டும் நடந்தனர் அல்லவா? அதில் நடந்தவர் பலருக்கு அவ்வழியில் எவ்விடத்தில் எந்தப் பாட்டன் தங்கினான் என்பது தெரியாது. கேட்டு எழுதியிருக்க வேண்டிய தலைமுறை கேட்கவில்லை.

அடுத்த முறை ஓட்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர், பெலிகுல் ஓயாவில் வீழும் அருவியைப் பேக்கர் அருவி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். எழுதட்டும். 1834இல் பிசர், வாற்சன் என்ற இரு படையதிகாரிகள் அங்கு சென்றதையும், அச்சமவெளிக்குத் தேசாதிபதியின் பெயர் சூட்டப்பட்டதையும் எழுதட்டும். அதன் கீழே, மக்கள் அச்சமவெளியை முன்னர் மகா எலிய என்று வழங்கினர் என்பதையும், பட்டிப்பொலையிலோ ஒகியாவிலோ தேநீர்க் கடையில் இருக்கும் ஒரு முதியவரிடம் கேட்டறிந்த வேறொரு பெயரையும் சேர்த்துக்கொண்டு வந்தால், அக்குறிப்பேட்டை நான் ஆவலோடு வாங்கிப் படிப்பேன்.