கணக்குக் கேட்டால் கருணை குறையாது

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, ஊர்க்காரர் குழு என்று எதில் ஒருவரின் சிகிச்சைக்கு நிதி திரட்டும் பேச்சு எழுந்தாலும், “இதற்கு ஒரு வரைமுறை வைத்துக்கொள்வோம்” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் மேல் பாய்கிறார்கள். உயிர் போகிற நேரத்தில் விதியா, நம்ம ஆட்களையே நம்பாவிட்டால் எப்படி என்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனாலும் தவறு தவறுதான். அதற்கான விலையைக் கடைசியில் நோயாளியின் குடும்பம்தான் கொடுக்கிறது.

முதலில் அவசரம் என்ற வாதம். வழக்கமாக வருகிற செய்தியைப் பாருங்கள். மூக்கில் குழாயோடு ஒரு குழந்தையின் படம், ஒரு ஜிபே எண், ‘உடனே பகிரவும்’ என்ற வரி. தேதி இருக்காது. மருத்துவமனையின் பெயர் இருந்தாலும் உள்நோயாளி எண் இருக்காது. இது உண்மையா, பழைய செய்தியா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீடு, உள்நோயாளி எண், குடும்பத்தில் பேசுவதற்கு ஒருவர், குழுவிலிருந்து நேரில் போய்ப் பார்த்துவந்த ஒருவர் என இந்த நான்கும் இருந்தால்தான் வேண்டுகோள் போடலாம் என்று முன்கூட்டியே முடிவுசெய்த குழுவில் இந்தக் குழப்பம் வராது. பணத்தையும் நேராக மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டிவிடலாம். தாமதம் செய்வது விதி இல்லாத குழுதான்.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் வருகின்றனவா என்று யாராவது கேட்டிருந்தாலே, கைநீட்ட வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு வந்திருக்காது. பதற்றத்தில் இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. விதியாக எழுதி வைத்தால்தான் தோன்றும்.

கணக்குக் கேட்பது நம் பண்பாடு இல்லை என்பவர்கள் உத்திரமேரூர் வரை ஒருமுறை போய்வர வேண்டும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஊர் வாரியத்தில் பொறுப்பு வகித்தும் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியில்லை என்கிறது அது. இன்றும் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறாமல் போவதில்லை. அங்கே யாரும் அதை அவமதிப்பாக நினைப்பதில்லை.

வாங்குகிறவர் மனம் புண்படும் என்கிறார்கள். கணக்கு கேட்பது நோயாளியிடம் அல்ல, வசூலிப்பவரிடம். உண்மையில் மனம் புண்படுவது எப்போது? அரைமயக்கத்தில் கிடக்கும் ஒரு பெண்ணின் முகமும் நோயின் பெயரும் வீட்டு முகவரியும் முன்பின் தெரியாத ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போகும்போது. குணமாகி வேலைக்குப் போன பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் படம் போடக் கூடாது, தேவை முடிந்ததும் வேண்டுகோளை நீக்கிவிட்டு நிறைவடைந்தது என்று அறிவிக்க வேண்டும் என்ற விதிதான் அவருடைய மானத்தைக் காக்கும்.

“அட்மின் தங்கமான மனிதர், அவர் கணக்குக்கே அனுப்பிவிடுவோம்.” இதுதான் ஆபத்தான பேச்சு, ஆபத்து அந்தத் தங்கமான மனிதருக்கே. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொது விதி. வந்த பணம் தனக்கானதல்ல என்று காட்ட அவரிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டாமா? கூட ஒருவர் கையெழுத்தும் வரவு செலவுப் பட்டியலும் மருத்துவமனை ரசீதும் அவரைச் சந்தேகிக்க அல்ல, காப்பாற்ற.

மிஞ்சும் பணத்தை எண்ணிப் பாருங்கள். 2021 ஜூலையில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் எஸ்.எம்.ஏ. என்னும் தசைநார்ச் சிதைவு நோயுள்ள குழந்தைக்கு 18 கோடி ரூபாய் மருந்துக்காகக் கேட்டார்கள். வந்தது 46 கோடிக்கு மேல். அதே மாதம் மலப்புறம் மாவட்டத்தில் அதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்கு ஏறத்தாழ 16 கோடி சேர்ந்திருந்த நிலையில், மருந்து கிடைக்குமுன்பே குழந்தை இறந்துவிட்டது. இப்படித் திரட்டும் நிதியை அரசு கண்காணிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமும் அப்போது சொன்னது. நம் குழுக்களில் சேர்வது லட்சமாக இருக்கலாம். ஆனால் மிச்சம் யாருக்கு என்ற கேள்வியைப் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய்க் கேட்கும் கொடுமை, தொகை சிறியது என்பதால் குறையாது. முதல் வேண்டுகோளிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

விதி வைத்தால் கொடுப்பவர்கள் குறைவார்கள் என்பது கடைசி வாதம். ஒருமுறை ஏமாந்தவர்தான் அடுத்த முறை கொடுப்பதில்லை. ரசீதைப் பார்த்தவர் மறுபடியும் கொடுப்பார்.

உங்கள் குழுவில் இப்போது எந்த அவசரமும் இல்லையென்றால் இன்றைக்கே பேசி, விதிகளை எழுதி, குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். அடுத்த வேண்டுகோள் வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.