ரெண்டு மான்செஸ்டர், ஒரே ஒரு வட்ட ரயில்

ஜப்பான் போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். காலையில் ஸ்டேஷனுக்குப் போனோம், டிக்கெட் எடுத்தோம், ராத்திரி வரைக்கும் ரயிலிலேயே ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டோம், டாக்சி என்ற பேச்சே இல்லை. கேட்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அப்புறம் ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "அதெல்லாம் நம்மூருக்கு ஆவாதுங்க. அவன் புல்லட் ரயிலே உடறவன்."

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் சுற்றிக் காட்டுவது புல்லட் ரயில் இல்லை சாமி. நின்று நின்று போகிற சாதா ரயில்.

ஓசாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வட்டப் பாதை இருக்கிறது. 21.7 கிலோமீட்டர், 19 ஸ்டேஷன். ஒரு முழுச்சுற்று வர முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஓசாகாஜோ கோயென் ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை. சுருஹாஷியில் இறங்கினால் கொரியர்களின் கடைத்தெரு. தென்னோஜியில் மிருகக்காட்சி சாலையும் பழைய புத்தர் கோயிலும். நிஷிகுஜோவில் வண்டி மாறினால் யுனிவர்சல் ஸ்டூடியோ. ஒரு வண்டியை விட்டால் அடுத்தது சில நிமிஷத்தில் வந்துவிடும்.

இந்த வட்டத்தை யாரும் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டவில்லை. கிழக்குப் பாதி 1895-ல் ஒரு தனியார் கம்பெனி போட்டது. மேற்கே ஒரு துண்டு 1898-ல் இன்னொரு கம்பெனி போட்டது. மிச்சத்தில் ஒரு பகுதி சரக்கு ரயில் பாதை. 1961-ல் இவற்றை ஒட்டுப் போட்டு இணைத்தார்கள். 1964-ல்தான் வண்டி நிற்காமல் வட்டமடிக்க ஆரம்பித்தது. பழைய துணியைத் தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. துணி என்றதும் ஞாபகம் வருகிறது, பஞ்சாலைகளால் ஓசாகாவுக்கு ஒரு காலத்தில் 'கிழக்கின் மான்செஸ்டர்' என்று பேர். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எதுவென்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது ஒரு வெள்ளைத்தாளில் நம்ம ஊர் தண்டவாளத்தை வரைந்து பாருங்கள். கோவை ஜங்ஷன். வடக்கே வடகோவை. அங்கிருந்து கிழக்கே திரும்பி பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர். இருகூரிலிருந்து ஒரு பாதை தென்மேற்கே வெள்ளலூர் பக்கமாகப் போய் போத்தனூரைத் தொடுகிறது. போத்தனூரிலிருந்து திரும்ப ஜங்ஷன். பென்சில் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டதா? ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வட்டம். புதுசாக ஒரு அடி நிலம்கூட எடுக்க வேண்டாம், ஏற்கெனவே தரையில் கிடக்கிறது!

இதுவும் ஒட்டுப் போட்டதுதான். 1860களில் மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை போத்தனூர் வழியாகப் போனதே தவிர கோயமுத்தூருக்குள் வரவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் திறந்த கிளைப்பாதைதான் நகரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. பீளமேடு வழியான பாதை அதற்கும் பிற்பாடு வந்தது. ஆக நம்மிடமும் மூணு துண்டு இருக்கிறது. தைக்கத்தான் ஆளில்லை.

"வட்டம் வந்து என்ன பார்க்கப்போறீங்க, கோயமுத்தூர்ல பார்க்க என்ன இருக்குது?" என்று அடுத்த கேள்வி வரும். ஊர்க்காரர்களே கேட்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். வெள்ளலூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குப்பைக்கிடங்கு. ஆனால் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த மண் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கும் நம்ம பக்கத்துக்கும் நடந்த வியாபாரத்துக்குச் சாட்சி. பிறகு ரயிலே கணவாய் வழியாகத்தான் வந்தது. வேறெங்கே வரும்? சிங்காநல்லூரில் குளமும் பறவைகளும். பீளமேட்டில் மில்களும் காலேஜ்களும். ஜங்ஷனில் இறங்கினால் டவுன்ஹால், கோனியம்மன், பெரிய குளம். வடகோவையில் மாறி மேட்டுப்பாளையம் போனால், 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் ஏறிய மலை ரயில். யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னம் என்று சொன்னது. வழியில் காரமடை ரங்கநாதர். தெற்கே போத்தனூரில் மாறினால் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி. ஒரு நாளில் பார்த்து முடிக்கவே முடியாது.

ஆனால் ஓடுவது என்ன? முழு வட்டமடிக்க ஒரு உள்ளூர் ரயில்கூட இல்லை. இருகூர் - போத்தனூர் துண்டில் போவது பெரும்பாலும் சரக்கு வண்டிகளும், கோயமுத்தூருக்குள் வராமல் நழுவிக் கேரளாவுக்குப் போகிற சில எக்ஸ்பிரஸ்களும். பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் நிற்கிற வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம். மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வெடுத்துக்கொண்ட காலம் உண்டு. மில்லும் ஆபீசும் லீவு விடுகிற ஒரே நாளில், மலையடிவாரத்துக்குப் போகிற ரயிலுக்கும் லீவு! (இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவானைப் பார்க்கவேண்டும்.) கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சருக்கெல்லாம் 'ஸ்பெஷல்' என்று பேர் வைத்து 10 ரூபாய் டிக்கெட்டை 30 ஆக்கினார்கள். அது திரும்ப 10 ஆக 2024 பிப்ரவரி வரைக்கும் காத்திருந்தோம். பொள்ளாச்சிப் பாதையை அகலப்பாதையாக்க மூடினவர்கள், பல வருஷம் கழித்து 2017-ல்தான் திறந்தார்கள்.

இதற்கெல்லாம் சமாதானம் சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. ஜப்பான்காரனுக்கு ஒழுக்கம் ஜாஸ்தி, நேரம் தவறமாட்டான், நமக்கு அது வராது என்பார்கள். மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குத் தூங்கின ஊர் இது. மூணு ஷிப்ட்டும் நிமிஷம் தப்பாமல் ஓடின ஊருக்கு நேரம் தெரியாதா? அட்டவணையில் வண்டியே இல்லாதபோது பயணியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பிரயோசனம்?

அடுத்த சமாதானம், மெட்ரோ வரட்டும். வந்தால் சந்தோஷம்தான். ஆனால் 10,000 கோடிக்கு மேல் மதிப்புப் போட்ட அந்தத் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் ஜனத்தொகை வேண்டுமாம், அதுவும் 2011 கணக்குப்படி. அதற்கு முந்தின மாதம்தான் அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு 1,791 கோடி செலவில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தார்கள். பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே அவினாசி ரோட்டுக்குப் பக்கத்திலேயே பீளமேடு ஸ்டேஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு, பதினெட்டுக் கோடி. அதில் சில மெமு நிறுத்தங்களுக்குப் பிளாட்பாரமும் நடைபாதையும் ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்க இடமும் செய்திருக்கலாமே?

இடநெருக்கடி என்கிற மூணாவது சமாதானத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. இருகூர் - போத்தனூர் ஒற்றைப்பாதை. ஜங்ஷனில் இருப்பது ஆறு பிளாட்பாரம். தூரத்து ரயில்களுக்கு நடுவில் உள்ளூர் வண்டியை நுழைப்பது சுலபமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓசாகா வட்டத்தின் மேற்குப் பாதியிலும் விமான நிலைய எக்ஸ்பிரஸ்ஸும் நாராவுக்குப் போகிற வேக ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதற்குத் தகுந்த மாதிரி அட்டவணை போடுகிறார்கள். அது இன்ஜினியர்கள் உட்கார்ந்து செய்கிற வேலை. நம்மிடம் யாராவது உட்கார்ந்தார்களா?

எந்த ஆபீசில் உட்காருவது என்பதே இங்கே ஒரு பிரச்சினை. போராடித்தான் சேலம் கோட்டத்தை வாங்கினோம், 2007 நவம்பர் 1-ல். கோயமுத்தூரும் மேட்டுப்பாளையமும் அதில் வந்தன. பொள்ளாச்சியும் கிணத்துக்கடவும் பாலக்காட்டுக் கோட்டத்திலேயே தங்கிவிட்டன. மேட்டுப்பாளையத்திலிருந்து பொள்ளாச்சிக்கு நேராக ஒரு உள்ளூர் வண்டி வேண்டுமென்றால் ரெண்டு ஊர் ஆபீஸ் கதவைத் தட்டவேண்டும். வெளியூர்க்காரன் வரைபடத்தில் அது ஒரே மாவட்டத்துக்குள் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இருகூர் - போத்தனூர் இரட்டைப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ரெண்டாவது தண்டவாளமும் சரக்கு வண்டிக்கே போய்விடுவதற்கு முன்னால், வரைபடத்தில் இருக்கும்போதே, வெள்ளலூரில் ஒரு பிளாட்பாரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லி நம்ம எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் கேட்கவேண்டும். காலையில் நாலு சுற்று, சாயங்காலம் நாலு சுற்று, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. முதல் வருஷத்துக்கு அது போதும்.