விடை தருவோர்

கணிப்பொறி பழுதுற்ற நள்ளிரவில் நமக்கு வழிகாட்டுவோர் யாவர்? அவர் முகத்தை நாம் கண்டதில்லை. பெயரேனும் கேட்டோமா எனின், அதுவுமில்லை.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் இயற்றிவருவதாகக் கூறி, அதில் வேண்டுவன யாவையென மினிக்ஸ் பயில்வோரிடம் வலைவழி வினவினார். முன்பின் அறியாதார் பலர் விடையிறுத்தனர், குறை காட்டினர், திருத்தமும் எழுதி விடுத்தனர். லினக்ஸ் வளர்ந்தது அவ்வாறே. நம்மிற் பலர் கையிலுள்ள ஆண்ட்ராய்டுக்கும் அதுவே கரு.

இன்னோர் கடுஞ்சொல்லர் என்பாரும் உளர். ஓரளவு மெய்யே, புதியோரை வெருட்டும் விடைகளைப் படித்து யாமும் முகஞ் சுளித்ததுண்டு. ஆயினும், திரையிற்கண்ட பிழைச்செய்தியையும் எழுதாது, ‘ஓடவில்லை’ என்னும் ஒரு சொல்லோடு உதவி கோருவாரை என்னென்பது? நாவையும் நீட்டாது மருந்து கேட்கும் நோயாளியன்றோ அவர்!

வினவும் முறை குறித்து எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாம் உதவி நிலையத்தார் அல்லர் என்பதையும் அதன் முகப்பிலேயே அறிவிக்க நேர்ந்தது அவர்க்கு! அதனுள் எமக்கு மிக உவப்பானது ஒன்றுண்டு: பழுது நீங்கியபின், எதனால் நீங்கிற்றென விடை தந்தார்க்கு எழுதுக என்பதே. நம்மில் எத்துணைப் பேர் அது செய்கின்றோம்?

சென்ற பருவத்தில் எம் இடர் களைந்த ஒருவர்க்கு, மூன்று திங்கள் தாழ்த்தேனும், நேற்று நான்கு வரி எழுதினோம். இன்று மறுமொழி வந்தது. பள்ளியாசிரியராம், வகுப்பு முடிந்தபின் இரவில் விடை எழுதுகிறாராம்.