இமயத்தில் பனி சுருங்கினால் அரபிக் கடலில் உணவு குறையும்

புதுதில்லி: இமயமலையின் பனி உருகுவது தில்லியில் பெரிதும் நதிநீர்ப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. அதன் பாதிப்பு அரபிக் கடல் வரை நீள்கிறது.

குளிர்காலத்தில் இமயப் பனிப்பரப்பிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று வட அரபிக் கடலின் மேல்நீரைக் குளிர்விக்கும். கனத்த அந்நீர் கீழிறங்க, ஆழத்து ஊட்டச்சத்துகள் மேலே வரும். அவற்றால் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகும்; மீன்களின் உணவுச் சங்கிலிக்கு அவையே அடித்தளம். பனிப்பரப்பு சுருங்கியதால் இக்கலப்பு தளர்ந்து, டயாட்டத்தின் இடத்தை மீன்களுக்கு உதவாத நாக்டிலூக்கா பிடித்து வருவதாக 2020-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டு பருவநிலைச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களில் இமயமலைக்கு ஒன்று இருந்தது. கடலுக்கென ஒன்றும் இல்லை. மலை, கடல், மீன்வளம் மூன்றும் வெவ்வேறு அமைச்சகங்களின் பொறுப்பு. இவை ஒரே கணக்கில் வராதவரை, குஜராத் மீனவரின் இழப்பு இமயமலையின் இழப்பாகக் கருதப்படாது.